நூற்றுக்கு ஐந்து கிலோ மண்

திருப்பதிக்கு இரும்பு ஏற்றிப் போகும் நாட்களில் நான் காலையில் சாப்பிடுவதில்லை. அங்கே வாங்குகிற மொத்த வியாபாரியின் முகத்தைப் பார்த்தாலே வயிறு புரட்டும். சித்தூர் ஓரத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் எனக்கு அவரை விட்டால் வேறு வாசல் கிடையாது. எடைமேடையின் மேலேயே வெற்றிலைச் சாற்றைத் துப்புவார். துப்பியதன் எடையையும் நம் சரக்கிலிருந்து கழித்துவிடுவார் என்று எங்களுக்குள் கேலி பேசிக்கொள்வோம்.

எடையில் கழிப்பதற்கு எங்கள் பக்கத்தில் தருகு என்று பெயர். தெலுங்குச் சொல். மண்டியில் மாங்காய்க்கும் உண்டு, வெல்லத்துக்கும் உண்டு. இரும்புக்கு நூற்றுக்கு ஐந்து கிலோ, ஒட்டியிருக்கும் மண்ணுக்காம். அவர் கழிக்கிறார் என்று எங்கள் ஆட்கள் போர்வெல் குழாய்க்குள் களிமண்ணை அடைத்துக் காயவைத்துக் கொண்டுபோவார்கள். மண் அடைக்கிறார்கள் என்று அவர் தருகை விடமாட்டார். யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால் இவர்கள் அவரைக் காட்டுவார்கள், அவர் இவர்களைக் காட்டுவார். நானும் அடைத்திருக்கிறேன். அந்தக் களிமண் நகக்கண்ணை விட்டு இரண்டு நாள் போகாது. அந்தக் கையாலேயே சோறு பிசைய அருவருப்பாக இருக்கும்.

போன கோடையில் கங்காதர நெல்லூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் போர் வற்றிப்போயிற்று. புதுப் போர் போடக் கையில் காசு வேண்டும் என்று பழைய குழாய்களை எடுத்து எனக்கு விற்றார். ஒவ்வொரு குழாயையும் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். இந்த முனையில் கண் வைத்தால் அந்த முனையில் அவர் மனைவி நிற்பது தெரிந்தது.

“பாருண்ணா, ஒரு புடி மண்ணு கெடயாது. நானும் எங்க ஊட்டுக்காரியும் ராவெல்லாம் கையி வலிக்கத் தட்டி எடுத்தோம்.”

“நான் இன்னாபா பண்றது? திருப்பதில தருகு புடிக்கறாங்க, அதான் நானும் புடிக்கறேன்.”

நானூறு கிலோ இருந்தது. இருபது கிலோவைக் கழித்துவிட்டு மீதிக்குப் பணம் கொடுத்தேன்.

“அங்க புடிக்கலன்னா எனக்குத் திருப்பிக் குடுத்துடுவியாண்ணா?”

“புடிக்கலன்னா நானே எடுத்துக்கினு வந்து குடுக்கறேன், போ” என்று சிரித்தேன். நடக்காத காரியத்துக்கு வாக்குக் கொடுப்பதில் எனக்கு என்ன நஷ்டம்?

ஆனால் மறுநாள் வண்டியில் போகும்போது அந்தச் சுத்தமான குழாய்கள் என்னை உசுப்பிவிட்டன. இதற்குமா கழிப்பான் என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனேன். எரிந்த ஒயர்ப் புகையும் கழிவு ஆயிலும் நாறும் வியாபாரியின் கிடங்கில், வேலையாள் ஒரு குழாயைச் சுத்தியலால் தட்டினான். கணீரென்றது. ஒன்றும் விழவில்லை. இன்னொன்றைத் தட்டினான். அதிலும் இல்லை.

“அயினா சரே, தருகு அஞ்சு. ரூல்ஸ் அந்தே” என்றார் வியாபாரி, பல்லைக் குத்திக்கொண்டே. மண் இல்லாவிட்டாலும் ரூல்ஸ் ரூல்ஸ்தானாம்.

“மண்ணே இல்ல, இன்னாத்துக்கு சார் தருகு? இத்தினி வருசமா துன்னது போதாதா? இறக்க வேணாம், நான் திரும்ப எடுத்துக்கினு போறேன்.”

கத்திவிட்டேன். நல்லவேளை, உருக்காலைக்குப் போகும் லாரி ஒன்று கொஞ்சம் சரக்கு குறைந்து நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஹார்னை அடித்துக்கொண்டே இருந்தான். வியாபாரி லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துப்பினார்.

“இந்த ஒருவாட்டிக்கு ஃபுல் வெயிட்டு போடு” என்று வேலையாளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “ ஒருத்தனாண்டயும் சொல்லாத.”

முழு நானூறு கிலோ. இந்தத் தொழிலுக்கு வந்து முதல் தடவை. சந்திரகிரி தாண்டி வண்டியை நிறுத்தி வயிறு நிறையச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் விவசாயியின் இருபது கிலோ ஞாபகம் வந்தது. டீசல் யார் போட்டது, தொண்டை கிழியக் கத்தியது யார் என்று எனக்கு நானே பேசிக்கொண்டேன். சித்தூர் வருவதற்குள் அந்த இருபது கிலோ என்னுடையதாகிவிட்டது.

நாலைந்து நாள் கழித்து அந்த விவசாயி என் கடைக்கு வந்தார். புதுப் போர் போட்டாயிற்று, குழாயைப் பிடித்து நிறுத்தப் பழைய கிளாம்ப் ஒன்று வேண்டும் என்றார். இரும்புக் குவியலைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

“திருப்பதில தருகு எவ்ளோண்ணா புடிச்சாங்க?”

“அஞ்சு. ரூல்ஸ் அந்தே.”

பல்குத்தி ஒன்றுதான் குறை. அந்த ஆளின் குரல் அப்படியே என் வாயிலிருந்து வந்தது. எனக்கே குமட்டியது. இப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைப்போம் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“அவ்ளோ சுத்தமா குடுத்தும் புடிச்சிட்டானா? பாவம்ணா நீ. உன்னையும் இப்டி ஏமாத்தறானுங்களே.”

அவர் தேர்ந்தெடுத்த கிளாம்பை வாங்கித் தராசில் வைத்தேன். அதன் மடிப்பில் சேறு காய்ந்து அப்பியிருந்தது. சேற்றோடு சேர்த்தே எடை போட்டேன். எடை எவ்வளவோ அவ்வளவுக்கும் காசு எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். அந்தச் சேற்றுக்குத் தருகு எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை.