மதகடியில் உட்கார்ந்திருந்தவன்

மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கடைமடைக் கிராமத்தில் துரைராசுவுக்கு வாய்க்கால் காவல். ஊருக்குத் தண்ணீர் முறை வரும் நாட்களில், வாய்க்காலின் மேற்பகுதியில் வயல் வைத்திருக்கும் தலைமடைக்காரர்கள் அதைத் திருப்பிக்கொள்ளாமல் மதகைக் காப்பது அவர் வேலை. முன்கோபி, வாயும் கொஞ்சம் நீளம். ஆனால் கை சுத்தம் என்று ஊரே சொல்லும். அந்தப் பெயர் ஒன்றுதான் அவர் சேர்த்த சொத்து.

அவர் வீட்டில்தான் தண்ணீர்ப் பங்கீடு பற்றிய ஆராய்ச்சிக்குச் சென்னையிலிருந்து வந்த பரணிதரன் தங்கினான். முன்பெல்லாம் கேள்வித்தாளோடு காரில் வருகிறவர்களிடம், "எல்லாம் நல்லா போவுதுங்க, சண்டை சச்சரவு ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிடுவார் துரைராசு. வீட்டுச் சண்டையை வழிப்போக்கனிடம் எவன் சொல்வான்? இவன் அப்படியில்லை. கூடவே சேற்றில் இறங்கினான், மண்வெட்டி பிடித்தான், துரைராசுவின் மனைவி அம்சவல்லியிடம் பழைய சோற்றைக் கேட்டு வாங்கித் தின்றான். மனிதர் மயங்கிவிட்டார். மதகு மூடாதபடி எவன் ஷட்டருக்கு அடியில் கல்லை வைப்பான், எவன் எவனுக்கு உடந்தை, எல்லாவற்றையும் கொட்டினார். காரில் வந்தவர்கள் தலைகீழாக நின்றாலும் கிடைத்திருக்காத சேதி.

வந்த புதிதில் ஒரு வேடிக்கை. படித்த ஆள் பக்கத்தில் இருக்கிறானே என்று தலைமடைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். துரைராசுவும் கெட்ட வார்த்தைகளை விழுங்கினார். அடடா, எவ்வளவு ஒற்றுமையான ஜனங்கள் என்று பரணிதரன் பூரித்துப்போனான். தலைமடைச் சாரங்கபாணி வீட்டிலும் போய்ச் சாப்பிட்டு வந்தான். போகப் போக அவன் இருப்பதையே யாரும் சட்டை செய்யவில்லை.

ஒரு மத்தியானம் கீழ்க்கரையில் நண்டு வளை வழியாகக் கரை உடைத்துக்கொண்டது. ஷட்டரைத் திருகித் திறக்கும் கைப்பிடியை மதகடியில் பரணிதரனிடம் கொடுத்துவிட்டு ஓடினார் துரைராசு. அடைத்துவிட்டுத் திரும்பினால், தண்ணீர் தலைமடை வயல்களுக்குப் பாய்ந்துகொண்டிருக்கிறது. சாரங்கபாணியின் மருமகன் பிரபு கரையேறிப் போகிறான். பரணிதரன் வைத்த இடத்திலேயே இருந்தான்.

"கைப்பிடிய ஏன் தம்பி கொடுத்தீங்க?"

"கேட்டாருண்ணே. நான் எதையும் தடுக்கக் கூடாது."

அந்தத் தண்ணீர் போனதில் கடைமடை நாற்றங்கால்கள் காய்ந்தன. துரைராசு காசு வாங்கிக்கொண்டு திறந்துவிட்டார் என்றது ஊர். பிரபுவோ அந்தப் பக்கமே வரவில்லை என்று சாதித்தான். ஊர்க்கூட்டத்தில் விவசாயிகள் சங்கத் தலைவர் குழந்தைராஜ் கேட்டார்: "கைப்பிடி உங்கிட்டதானப்பா இருந்துச்சு. வேற யாரு திறந்திருப்பா?"

"தம்பி அங்கதான் இருந்தாரு. அவரே சொல்லட்டும்" என்றார் துரைராசு நிம்மதியாக.

பரணிதரன் எழுந்தான். "மன்னிச்சுக்கங்க. ரெண்டு பக்கத்துக்காரங்களும் என்னை நம்பி வீட்டுக்குள்ள விட்டிருக்கீங்க. நான் யாருக்கும் சாட்சி சொல்ல முடியாது. ஒரு பக்கமா சாஞ்சா என் ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்."

காவல் வேலை அன்றே போயிற்று. கூடவே பெயரும் போயிற்று. தெருவில் துரைராசுவைப் பார்த்துச் சிலர் காறித் துப்பினார்கள்.

மறுநாள் மதியம் பரணிதரன் வழக்கம்போல் வந்து சாப்பிட உட்கார்ந்தான். அம்சவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு சோற்றைப் போட்டாள்.

"இப்ப உங்க மனசுல என்ன ஓடுதுண்ணே?" என்று சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

துரைராசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓங்கி ஓர் அறை விடலாமா என்றிருந்தது. ஆனால் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அடுத்த கவளம் அவன் தொண்டையில் நின்றது. விக்கல் எடுத்தது. கண்ணில் நீர் முட்ட, கையால் தரையைத் துழாவினான். தண்ணீர்ச் செம்பு துரைராசுவின் முழங்காலோரம் இருந்தது. அம்சவல்லி பதறி எழுந்தாள்.

"உக்காருடி" என்றார் துரைராசு. "நாம எந்தப் பக்கமும் சாயக் கூடாது. தம்பி சொல்லிக் கொடுத்ததுதான்."