கலாதேவி அக்கா ஆள் எடுத்த விதம்

கலாதேவி அக்காவிடம் வேலை கேட்டு வருகிறவர்கள் முதலில் சான்றிதழை நீட்டுவார்கள். அக்கா அதை வாங்கி மேசையில் கவிழ்த்து, மேலே தேநீர்க் கோப்பையை வைத்துவிடுவார். எனக்கும் அதுதான் நடந்தது. என் டிப்ளோமாவின் பின்பக்கம் இன்னும் ஒரு வட்டக் கறை இருக்கிறது. துளசி என்ற என் பெயரைக்கூட அவர் அதற்குப் பிறகுதான் கேட்டார்.

ஈப்போவில் ஒரு பல் மருத்துவரின் மாடியில் எங்கள் அலுவலகம். பதிவு செய்த பேச்சைக் கேட்டு எழுத்தாக அடித்துத் தருவது தொழில். பெரும்பாலும் வழக்கறிஞர்கள்தான் கொண்டுவருவார்கள். தமிழும் மலாயும் கலந்து வரும் பேச்சுக்குப் பேராக் மாநிலத்தில் எங்களை விட்டால் ஆளில்லை என்று அக்கா பீற்றிக்கொள்வார். அதில் பாதிக்கு மேல் உண்மைதான்.

ஆள் எடுக்க அவரிடம் நான்கு நிமிடப் பதிவு ஒன்று இருந்தது. அதில் ஒரு முதியவர் தோட்ட வேலையைப் பற்றிப் பேசுவார். நடுவில் சேவல் கூவும். யாரோ இருமுவார்கள். "நாப்பத்தெட்டுல பொறந்தேன். பன்னெண்டு வயசுல புல்லு வெட்டப் போனேன். அது அம்பத்தஞ்சு" என்பார். கணக்கு இடிக்கும். இடித்தால் இடிக்கட்டும் என்று கேட்டதை அப்படியே அடிக்கிறவருக்குத்தான் வேலை.

"அவரு தப்பா சொன்னா தப்பாவே அடி. கேக்கலன்னா கேக்கலன்னு போடு. உனக்குத் தெரிஞ்சத யாரு கேட்டா?" என்பார் அக்கா.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அந்த ஒரு வரியைப் பார்த்தே ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஐம்பத்தைந்தை அறுபதாக்கிய ஒரு முதுகலைப் பட்டதாரி, கதவை அறைந்துவிட்டுப் போனார். அக்கா அசரவில்லை. அந்தக் கதவுக்குத்தான் பிறகு தாழ் சரியாக விழவில்லை.

போன வருடம் வழக்கறிஞர் மத்தியாஸ் பெரிய வேலை ஒன்று கொண்டுவந்தார். கோப்பெங் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம் கைமாறிவிட்டது. தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருந்த பத்தொன்பது குடும்பங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாற்று வீடு தருவதாக முன்னொரு காலத்தில் மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார் என்பதுதான் அவர்கள் வழக்கு. வாக்கை நேரில் கேட்டவர்களில் உயிரோடு இருந்தவர் மாரியம்மா ஒருவர்தான். வயது எழுபத்தைந்து. அவரும் மற்றவர்களும் பேசிய இருபத்தெட்டுப் பதிவுகளை அடிக்க எங்களுக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது.

வந்தவர்களில் மெலிண்டா டவுன் பெண். வேகம், சுத்தம். ஆனால் தோட்டத்துச் சொற்கள் பிடிபடாமல் ஒன்பது இடத்தில் 'தெளிவில்லை' என்று போட்டிருந்தாள். அக்கா உடனே எடுத்துக்கொண்டார். அடுத்தவள் தினேஸ்வரி. சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். ஒரு சொல்கூட விடவில்லை. இருமலைக்கூட அடித்திருந்தாள். ஆனால் ஐம்பத்தைந்தை அறுபது ஆக்கியிருந்தாள்.

"ஏன்மா மாத்துன?"

"பாவம்கா, வயசானவரு. கணக்கு ஒதைக்குது. அப்படியே குடுத்தா ஆபீஸ்ல ஒருத்தனும் நம்பமாட்டான் லா."

நான் அவள் தாளை ஒதுக்கி வைக்கக் கையை நீட்டினேன். அக்கா தரவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பத்து காஜா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா ரப்பர் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக் கணக்கரான கிராணி ஒரு விண்ணப்பப் பாரத்தில் ஒரு பிறந்த வருடமும் இன்னொரு பாரத்தில் வேறு வருடமும் எழுதிவைக்க, அப்பாவின் குடியுரிமை மனு மூன்று தடவை திரும்பி வந்தது. சாகிறவரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். இப்படி ஒரு பெண் அந்தக் கிராணி மேசையில் உட்கார்ந்திருந்தால் அப்பாவுக்கு அந்தக் கதி வந்திருக்காதே என்று அக்கா நினைத்திருக்க வேண்டும். "தாப்பா லா, பரவாயில்ல. சொல்லிக் குடுத்துக்கலாம்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் அந்த விதியை மீறியது அந்த ஒரு தடவைதான்.

சொல்லியும் கொடுத்தார். தினேஸ்வரியும் தலையாட்டினாள். அடித்ததை இன்னொரு முறை கேட்டுச் சரிபார்ப்பது என் வேலை. "தினேஸ் ஒரு சொல்லு விடமாட்டா, அவ அடிச்சது வேணாம். மெலிண்டா அடிச்சத மட்டும் பாரு. நேரமில்ல" என்றார் அக்கா. எனக்கும் சோம்பல். சரி என்றுவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அடித்துக் கொடுத்ததை மத்தியாஸ் அலுவலகம் மலாயில் மொழிபெயர்த்து, முதியவர்களிடம் கையெழுத்து வாங்கி, வழக்கில் போட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூலப் பதிவைக் கேட்டு வாங்கி, நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினார். லயத்துக்கு எந்த வருடம் வந்தீர்கள் என்ற கேள்விக்கு, "வருசமெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா, கல்யாணம் கட்டி வந்தேன்" என்கிறார் மாரியம்மா. தாளில் '1969' என்று இருந்தது. மூத்த மகனின் வயதை வைத்துத் தினேஸ்வரி கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கு சரியாகக்கூட இருக்கலாம். வருடத்தையே இட்டுக்கட்டியவர்கள் வாக்கை இட்டுக்கட்ட மாட்டார்களா என்று அந்த வழக்கறிஞர் கேட்டார். அவள் அடித்த பதினான்கில் ஆறில் இதே கதை.

"நல்லதுக்குத்தானேக்கா செஞ்சேன்" என்று தினேஸ்வரி அழுதாள்.

"தெரியும்மா. தெரிஞ்சுதானே உன்ன எடுத்தேன்" என்றார் அக்கா. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

நடந்ததை விளக்கி எங்கள் அலுவலகம் சத்தியப் பிரமாணம் கொடுத்தால், முதியவர்களிடம் புதிதாக வாக்குமூலம் வாங்க நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றார் மத்தியாஸ். அக்கா எழுதினார். தேர்வு அன்றைக்கே குறையைப் பார்த்தேன், பார்த்தும் எடுத்தேன் என்று அதையும் சேர்த்தார். "இது தேவையில்ல அக்கா, உங்க பொழப்பு போயிரும்" என்றார் மத்தியாஸ். அக்கா கையெழுத்துப் போட்டு நீட்டினார். அந்த மாதமே இரண்டு வழக்கறிஞர்கள் எங்களுக்கு வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். என் வேலையும் போய்விடுமோ என்று பயந்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

அனுமதி கிடைத்தது. மற்ற ஐந்து பேரும் மறுபடி பேசச் சம்மதித்தார்கள். மாரியம்மா மட்டும் மத்தியாஸ் இரண்டு முறை போயும் வாய் திறக்கவில்லை. அதனால் ஒரு சனிக்கிழமை காலை அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

மாரியம்மா எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசற்படியில் நின்றபடியே நாங்கள் சொல்வதைக் கேட்டார்.

"நான்தாம்மா தப்பு. அடிச்ச பொண்ணு மாத்துவான்னு தெரிஞ்சும் நான்தான் வேலைக்கு எடுத்தேன்" என்றார் அக்கா.

"நான் தெரியாதுன்னுதானே சொன்னேன்?"

"ஆமாம்மா."

"அப்பறம் ஏன் தெரியும்னு எழுதுனீங்க? பொய் சொல்றீங்களான்னு அந்த லாயரு எல்லாருக்கும் முன்னால கேட்டாரு. எம்மவன் பின்னால உக்காந்திருந்தான்."

அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. "மன்னிச்சிருங்கம்மா. இந்தத் தடவ நானே அடிக்கிறேன். நீங்க சொல்றது ஒரு எழுத்து மாறாது. மேனேஜரு என்ன சொன்னாருன்னு இன்னொரு தடவ சொல்லுங்க. பத்தொம்பது வீடும்மா."

"எனக்கு வீடு வேணாமா? இங்கதானே கெடக்கேன்." மாரியம்மா சத்தம் போடவில்லை. "அவரு எங்க நின்னாரு, என்ன சட்ட போட்டிருந்தாரு, எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா சொல்லமாட்டேன்மா. சொன்னத எழுத மாட்டேங்கிறீங்களே, உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. அக்கா பதிவுக் கருவியைக் கையில் பிடித்தபடி வெயிலில் அப்படியே நின்றார். போகலாம் என்று நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். அவர் வரவில்லை.