மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் முளைத்த கான்யா

போலந்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இலையுதிர் காலத்தில், திங்கட்கிழமை காலைகளில் அலுவலகத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி எனக்கு விளங்கவில்லை. "காளானுக்குப் போனாயா?" கோயிலுக்குப் போனாயா, கல்யாணத்துக்குப் போனாயா என்று நாம் கேட்கிற அதே சாதாரணக் குரலில் கேட்டார்கள். என்னிடமும் கேட்டபோது, ஆமாம், வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிறது என்றேன். அறையே சிரித்தது. பிறகுதான் சொன்னார்கள்: மழை பெய்தால் அங்கே ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகும். அன்று சிரித்தவர்களில் ஒருவர் மரேக். இரண்டு வருடம் கழித்து அவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

எங்கள் வீடு திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறைக்குப் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. வானத்தை நம்பி நிலக்கடலையும் முருங்கையும் போடுகிற மண். மழைக்குப் பின் முளைக்கும் குடைகளையெல்லாம் நாய்க்குடை என்ற ஒரே பெயரில் ஒதுக்கிவிடுவார் அம்மா. நாங்கள் காலால் எத்தி விளையாடினால்கூடத் திட்டு விழும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வார். அப்படி வளர்ந்த நான், மரேக்கின் அம்மா வெண்ணெயில் வதக்கிக் கொடுத்த காட்டுக் காளானை முதல் தடவை சாப்பிட்டுவிட்டு, அன்றும் மறுநாளும் என் வயிற்றையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் சாப்பிட்டேன். காளான் விஷயத்தில் மரேக்கின் கையை நம்பப் பழகினேன். நடக்கக் கற்ற வயதிலிருந்து அவர் காட்டுக்குப் போகிறார். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று யோசிக்காமலே அவர் விரல்களுக்குத் தெரியும்.

அவருக்கு மிகவும் பிடித்தது கான்யா. பெரிய வெள்ளைக் குடை, அதன்மேல் பழுப்புச் செதில்கள், தண்டில் ஒரு வளையம். முட்டையில் தோய்த்துப் பொரித்தால் கறி வறுவல் போலவே இருக்கும். பாதி ஐரோப்பாவுக்கு அது தெரியும் என்று பெருமையாகச் சொல்வார்.

போன ஐப்பசியில் இருவரும் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தோம். இப்போது அந்த வீட்டில் இருப்பது என் அண்ணன் ஆரோக்கியம், மதினி ஜெயா, அவர்களுடைய ஏழு வயது மகள் ஷைனி. அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். மரேக்கை வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிடுவான். ஷைனி அவருடைய கையை விடவே மாட்டாள். இருவருக்கும் பொது மொழி கிடையாது. ஆனாலும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் வந்த மூன்றாம் நாள் இடியோடு மழை கொட்டியது. மறுநாள் காலையில் மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னாலிருந்து மரேக் கத்தினார். "கான்யா! கான்யா!" பயந்துபோய் ஓடினேன். மட்கிய சாணமும் புல்லும் கிடந்த இடத்தில், யாரோ கவராயம் வைத்து வரைந்த மாதிரி வட்டமாக வெள்ளைக் குடைகள் நின்றன. சில குடைகள் ஷைனியின் முகத்தைவிடப் பெரியவை. நடுவில் மரேக், தன் ஊருக்கே போய்விட்டவர் போலச் சிரித்துக்கொண்டு நின்றார்.

பக்கத்துத் தோட்டத்துப் பேச்சியம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். மரேக்கின் சத்தத்தைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார்.

"கன்னியான்னா சொல்றாரு? கன்னிமாருக்கா? இந்த எடத்துலயா?"

"இல்லக்கா. அவுங்க ஊர்ல இந்தக் காளானுக்கு அப்படிப் பேரு."

"பேரு என்னமா வேணாலும் இருக்கட்டும் தாயி. வட்டம் போட்டு நிக்கிது பாரு. எனக்கென்னமோ ஆவுறதாத் தெரியல."

"நீங்க இதச் சாப்புட மாட்டீங்களா?"

"நாங்க புத்துல வர்றதத்தான் பறிப்போம். இது என்ன கருமமோ, எனக்குத் தெரியாது."

வட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஆடுகளை ஓட்டிப் போனார். என்ன சொல்கிறார் என்று மரேக் கேட்டார். ஏழு கன்னித் தெய்வங்கள் இங்கே இறங்கியிருப்பதாக நினைக்கிறார் என்றேன். மரேக்குக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கூடையை எடுத்துவர ஓடினார்.

அன்று செவ்வாய்க்கிழமை. அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு மதினி பொழுது சாயும்வரை விரதம் இருந்தார். ஆனாலும் அடுப்படியை விட்டு நகரவில்லை. ஷைனியின் பழைய வெள்ளிக் கொலுசைக் கழுவி, காளான் துண்டுகள் கொதிக்கும் தண்ணீரில் போட்டார். கறுத்தால் விஷம். கறுக்கவில்லை. "என் பாட்டியும் வெள்ளிக் கரண்டி போடுவாள்" என்றார் மரேக். அதை நான் தமிழில் சொன்னதும் மதினியின் முகம் தெளிந்தது. அத்தனை தொலைவில் இருக்கும் இரண்டு ஊர்களும் ஒன்றையே நம்பினால் அது எப்படிப் பொய்யாகும் என்று எனக்கும் தோன்றியது.

ரொட்டித் தூள் இல்லாததால் மரேக் ரவையில் புரட்டி, கடலை எண்ணெயில் பொரித்தார். வீடு முழுக்க நல்ல வாசம். அண்ணன் ஒன்றை முழுதாகத் தின்றுவிட்டு, "மாப்ள, நம்ம ஊரு மீன் தோத்துச்சு" என்றான். மரேக் இரண்டு தின்றார். ஷைனிக்குத் தன் தட்டிலிருந்து பிய்த்துப் பிய்த்து ஊட்டினார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். எனக்கு எடுத்து வைத்த துண்டு சட்டியிலேயே இருந்தது.

தட்டுகளைக் கழுவி வைத்துச் செத்த நேரம்தான் ஆகியிருக்கும். "அத்தை, வாயில தண்ணியா ஊறுது" என்று ஷைனி வந்து நின்றாள். சொல்லி முடிக்குமுன் வாந்தி எடுத்தாள். கொல்லைப் பக்கம் அண்ணனும் எடுக்கும் சத்தம் கேட்டது. மரேக் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. ஷைனிக்கு வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டாள். கையும் காலும் சில்லிட்டிருந்தன. பேச்சியம்மாவின் மருமகன் தன் குட்டியானை வண்டியில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்றியதையெல்லாம் கீழே தள்ளிவிட்டு எங்களை ஏற்றினார். முன்னால் மதினி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் இரண்டு ஆண்களும் சாக்குகளின்மேல் சுருண்டு கிடந்தார்கள். சமைக்காமல் செய்தித்தாளில் பரப்பி வைத்திருந்த மிச்சக் காளானை அந்தத் தாளோடு சுருட்டி எடுத்துக்கொள்ளும்படி, கிளம்பும்போதே மரேக் என்னிடம் சொல்லியிருந்தார்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஷைனிக்கு உடனே டிரிப் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்கவில்லை. மாறி மாறிக் குத்தினார்கள். அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை. தனக்குப் போட்ட படுக்கையில் மரேக் படுக்க மறுத்தார். கையில் டிரிப்போடு, மருந்துப் பாட்டில் தொங்கிய கம்பியைத் தள்ளிக்கொண்டு, என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் செய்தித்தாளைப் பிரிக்கச் சொன்னார். விரிந்திருந்த பெரிய குடையின் அடியில், காகிதத்தில் மங்கலான பச்சைத் தூள் படிந்திருந்தது. காலையில் வெள்ளையாக இருந்த மடிப்புகளும் பச்சை பாய்ந்திருந்தன.

"கான்யா பச்சையாகாது" என்றார் போலிஷில். "இது வேறு ஏதோ. இதை எனக்குத் தெரியாது."

பிறகு தாழ்ந்த குரலில் தன் ஊர்க் கதை ஒன்றைச் சொன்னார். பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் தப்பான காளானைத் தின்றது. வாந்தி எடுத்தார்கள், நின்றது. மறுநாள் பிள்ளைகள் எழுந்து விளையாடினார்கள். எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் ஒருவர் பின் ஒருவராக ஈரல் செயலிழந்துபோனது. "ஷைனி எழுந்து விளையாடினாலும் நம்பாதே" என்றார்.

மதினி எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"என்ன சொல்றாரு?"

"சரியாயிரும்ங்கிறாரு மதினி."

மதினி மரேக்கின் கண்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திரும்பி ஷைனியிடம் போனார்.

டாக்டர் ஒரு பெண். காளானை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சாப்ட்ட கொஞ்ச நேரத்துலயே ஆரம்பிச்சிருச்சுல்ல? அது ஒரு வகையில நல்லது. நேரங்கழிச்சு ஆரம்பிக்கிறதுதான் ஆளத் தூக்கும். ஆனா இன்னது சாப்ட்டாங்கன்னு நமக்கு உறுதியாத் தெரியாதே. ரத்தம் பாத்துக்கிட்டே இருப்போம். வாந்தி நின்னதும் வீட்டுக்குக் கெளம்பிராதீங்க."

மறுநாள் மதியம் ஷைனி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். அண்ணன் சிரித்தான். சொந்தக்காரர்கள் ஜெபம் சொன்னார்கள். மரேக் மட்டும் அவளுடைய கண்ணின் வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார், மஞ்சள் தட்டுகிறதா என்று. "மாமா" என்று அவள் கை நீட்டியதும் மதினி எழுந்துபோய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஊருக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, என் கணவரை ஒரு வெள்ளைக்காரராகப் பார்த்தேன். அந்த வார்டில் இருந்த எல்லாருடைய கண்ணும் என் கண்ணுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஒவ்வொரு இரத்தப் பரிசோதனையும் நன்றாகவே வந்தது. ஈரலுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் உறுதியாகச் சொன்ன பிறகுதான் மரேக் படுத்துத் தூங்கினார். எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினோம். மரேக் கொட்டத்துக்குப் பின்னால் போகவே இல்லை. மன்னிப்புக் கேட்க ஒரு தமிழ் வாக்கியத்தை என்னிடம் கற்றுக்கொண்டு மதினியிடம் சொன்னார். "பரவால்ல" என்றார் மதினி. ஆனால் எங்களுக்குச் சாப்பாடு போடும்போது மரேக்கின் பெயரையும் சொல்லவில்லை, முறை வைத்தும் கூப்பிடவில்லை. "அவருக்கு என்ன வேணும்னு கேளு" என்பார் என்னிடம்.

கிளம்பும் நாளில் மதுரை விமான நிலையம்வரை போக அண்ணன் கார் ஏற்பாடு செய்திருந்தான். "மாப்ள, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீக" என்று மரேக்கைக் கட்டிக்கொண்டான். ஷைனி கையாட்டினாள். கார் நகரும் நேரத்தில் மதினி ஒரு பையை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார். சாலைக்கு வந்த பிறகு திறந்து பார்த்தேன். வாழையிலையில் கட்டிய ஒரே ஒரு புளியோதரைப் பொட்டலம், ஓர் ஆள் சாப்பிடும் அளவு, இன்னும் சூடாக இருந்தது. அதன் பக்கத்தில், கடையில் வாங்கிப் பிரிக்காத ஒரு பிஸ்கட் பாக்கெட்.

யாருக்கு எது என்று மதினி சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. மரேக் குனிந்து பார்த்தார், பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார், "நீ சாப்பிடு" என்றார். எனக்கு நல்ல பசி. இலையின் சூடு துணியைத் தாண்டித் தொடையில் சுட்டது. கட்டைப் பிரிக்கவும் மனம் வரவில்லை, மடியிலிருந்து இறக்கி வைக்கவும் மனம் வரவில்லை.