மடியில் ஒரு டீசல் பம்ப்

டீசல் பம்ப் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு சண்டைக்காலத்தில் பஸ்ஸில் போனவர்களுக்குத்தான் எங்கள் தொழிலின் பாரம் தெரியும். பட்டம் வாங்கிவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்த நண்பர்களே, நீங்களும் எதையோ ஒன்றைச் சுமந்துகொண்டுதான் திரிந்திருப்பீர்கள். எனக்கு வாய்த்தது பம்ப்.

வேலைக்கு ஏற்ற முகம்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். பௌதிகவியல் பட்டத்தோடு களுவாஞ்சிக்குடியில் கணேசு பாஸின் கராஜில் சேர்ந்தேன். அங்கே செல்லத்துரை அண்ணனின் பழைய கேம்பிரிட்ஜ் கார் கல்லின் மேல் நின்றது. பெற்றோல் கிடைக்காத காலம். அதனால் அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, விபத்தில் நசுங்கிய ஜப்பான் வான் ஒன்றின் டீசல் எஞ்சினை ஏற்றியிருந்தோம். ஆனால் டீசலைப் பாய்ச்சும் பம்ப், அதைச் சிலிண்டருக்குள் தூவும் நொசில், குழாய் எல்லாவற்றையும் யாரோ முந்திக்கொண்டு கழற்றிவிட்டார்கள்.

ஆறு ஆசிரியர்கள் தினமும் அந்தக் காரில்தான் பள்ளிக்கூடம் போவார்கள். விடுமுறை முடிந்து புதிய தவணை தொடங்கும் திங்கட்கிழமை கார் வராவிட்டால் வேறு வான் பிடிப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

சாமான் தேட என்னை ஏன் அனுப்புகிறீர்கள் என்று பாஸிடம் கேட்டேன். "உன்ட முகத்தப் பாத்தா களவுச் சாமான் வாங்கிற ஆள் மாதிரித் தெரியாது. களவு குடுத்த ஆள் மாதிரித்தான் இரிக்கும்."

கேரண்டி

ஓட்டமாவடியில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நொசில்கள் நிறைந்த பெயின்ற் வாளி ஒன்றைக் காலால் என் பக்கம் தள்ளினார். நொசிலுக்குள் இருக்கும் ஊசியைப் பாதி இழுத்து விட்டால், அது தன் பாரத்திலேயே மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். ஒட்டவும் கூடாது, பொத்தென்று விழவும் கூடாது. ஒவ்வொன்றாகக் கழுவி இழுத்துப் பார்த்தேன். காக்கா மதியம் லுஹர்த் தொழுகைக்குப் போய்த் திரும்பியபோதும் அதே வாளியோடு இருந்தேன். "பொம்புள பாக்க வாறவனும் இவ்வளவு பாக்க மாட்டான்" என்றார்.

நாலு தேறின. பம்பையும் நாலு குழாய்களையும் எடுத்துக்கொண்டு, "இது நல்லா ஓடின வான்ட பம்ப்தானே?" என்றேன். "நல்லா ஓடினபடியாத்தான் பாலத்தில போய் அடிச்சது."

எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்காவது கேரண்டி எழுதித் தரச் சொன்னேன். காக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, இப்ப எனக்கே ஒரு நாளைக்குக் கேரண்டி இல்ல. பம்புக்கு எங்கால ஒரு மாசம்?"

சரியான விடை

திரும்பும் வழியில் சென்றி, இராணுவச் சோதனைச் சாவடி. எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கிப் பைகளைத் திறந்து காட்ட வேண்டும். சாறனில் சுற்றிய என் பம்போடு நாலு இரும்புக் குழாய்களும் வெளியே எட்டிப் பார்த்தன. தமிழ் கொஞ்சம் தெரிந்த சிப்பாய் ஒருவர் "இது என்ன?" என்றார். "கார் சாமான்" என்றிருந்தால் முடிந்திருக்கும். நான் பரீட்சை எழுதுவது போல, "இது டீசலை அமுக்கிச் சிலிண்டருக்குள் அனுப்பும். அங்கே அது வெடிக்கும்" என்றேன். என் பின்னால் நின்ற வரிசை முழுவதும் பத்தடி தள்ளிப் போனது.

பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தார்கள். குழாய்களைப் பூட்டும் ஒழுங்கை ஒரு கடதாசித் துண்டில் 1-3-4-2 என்று எழுதி வைத்திருந்தேன். "யார் நம்பர்?" என்றார். சிலிண்டரின் நம்பர் என்றால் யார் நம்புவார்? முன்பு லொறி ஓட்டிய இன்னொரு சிப்பாய் வந்து, பம்பை மோந்து பார்த்துச் சிரித்த பிறகுதான் விட்டார்கள். கடதாசி மட்டும் திரும்பி வரவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மீன்கார அக்கா நன்றாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "மனே, இனி ஆரும் கேட்டா தெரியாதெண்டு சொல்லு. படிச்ச எல்லாத்தையும் சென்றியில ஒப்புவிக்கத் தேவல்ல."

இரண்டு குழாய்கள்

கடதாசி போனதும் 1-3-4-2 ஆ, 1-2-4-3 ஆ என்று சந்தேகம் வந்துவிட்டது. எஞ்சின்களில் இரண்டுமே உண்டு. பாஸுக்கு அது மனப்பாடம். ஆனாலும் கேட்க வெட்கம், பட்டதாரி அல்லவா? ஞாயிற்றுக்கிழமை ஒரு குருட்டுத் துணிச்சலில் பூட்டினேன். ஸ்டார்ட் பண்ணியதும் கார் உதறிய உதறலில் உள்கண்ணாடி கழன்று விழுந்தது. கராஜ் முழுக்க வெள்ளைப் புகை. செல்லத்துரை அண்ணன் தலையில் கையை வைத்தபடி ஒரு பழைய டயரில் உட்கார்ந்துவிட்டார்.

பழியைப் பம்பின் மேல் போட்டிருக்கலாம். வாய் வரவில்லை. "அண்ணே, பம்ப் நல்லம். நான்தான் பிழையாப் பூட்டிட்டன்" என்றேன். பாஸ் வந்து இரண்டு குழாய்களை இடம் மாற்றினார். எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியது.

அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். "பிழைய ஒத்துக்கொண்ட மெக்கானிக்க இண்டைக்குத்தான் கண்டன். வேற ஆருக்கும் சொல்லிராத, கராஜ் தொழிலே படுத்திரும்."

திங்கட்கிழமை

ஆறு பேரும் ஏறினார்கள். பெற்றரி பழையது, எஞ்சின் அசையவில்லை. அவர்களில் ஒருவரான பள்ளிக்கூட அதிபர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சந்தியில் ஒரு வான் சும்மா நின்றது. அண்ணன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பாஸும் நானும் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினோம். ஆசிரியர்கள் ஒருவரும் இறங்கவில்லை. கோயில் வளைவில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அதிபர் தலையை வெளியே நீட்டினார். "தம்பி, எங்கட பள்ளிக்கூடத்துக்கு உமக்கு நியமனம் வந்தா வேற இடம் கேளும். கார்ல ஏழாவது ஆசிரியருக்கு இடமில்ல."

நண்பர்களே, காருக்குள் ஏறத்தான் நியமனம் வேண்டும், தள்ளுவதற்கு வெறும் பட்டமே போதும்.