என் ஆலமரத்தில் இன்னொருவர் பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த மறு வாரம், தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போன்சாய் கண்காட்சி நடந்தது. அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முளைத்த ஆலங்கன்றுதான் என் போன்சாய் மரம். பிளம்பர் ஆசிட் ஊற்றுவதற்கு முன்னால் நான் பிடுங்கி எடுத்தேன். பதினெட்டு வருடம் கிளைகளுக்குக் கம்பி சுற்றி வளைத்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேரைக் கத்தரித்துத் தொட்டி மாற்றினேன். ஒன்றரை அடி உயரத்திலேயே விழுதுகூட விட்டிருந்தது.

கண்காட்சிக்கு மூன்று மாதம் முன்பு வழுக்கி விழுந்து எனக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. தொட்டி மாற்றியே ஆக வேண்டிய நேரம் வேறு. அடித்துளை வழியாக வேர் வெளியே வந்திருந்தது. எங்கள் போன்சாய் குழுவில் ஒருவர், அடையாறுக்காரர், "எங்கிட்ட குடுங்க மேடம், கை சரியானதும் எடுத்துக்கோங்க" என்றார். மனம் நெகிழ்ந்து போனேன். வழக்கமாக எனக்கு வரும் ராயப்பேட்டை ஆட்டோக்காரரின் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கை சரியானது. கேட்டபோதெல்லாம், "இப்ப அசைக்கக் கூடாது மேடம், வேர் பிடிக்கட்டும்" என்று ஒரே பதில். நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்?

கண்காட்சிக்கும் அதே ஆட்டோவில்தான் போனேன். வெயிலில் எதற்கு நிற்க வேண்டும் என்று அவரையும் உள்ளே அழைத்தேன். நடு மேசையில் என் மரம். மேலே முதல் பரிசு அட்டை. அதில் அடையாறுக்காரரின் பெயர்.

ஏதோ தவறு நடந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவரிடம் போய்க் கேட்டால், கண்ணிமைக்காமல் சொல்கிறார்: "இது என்னோடது மேடம். உங்களோடதை நான் இன்னும் வெளியில எடுக்கல. ஆல்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

என் மரத்தின் தண்டில், பின்பக்கத்தில் ஒரு தழும்பு உண்டு. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கம்பியை அவிழ்க்க மறந்து, அது பட்டைக்குள் இறங்கிய தழும்பு. தொட்டியைத் திருப்பினேன். இருந்தது. செல்போனில் பழைய படங்களையும் காட்டினேன்.

அவர் பதில் சொல்வதற்குள் ஆட்டோக்காரர் முன்னால் வந்தார். "இன்னா சார் இப்டி பேசற? கட்டுப் போட்ட கையோட ஒக்காந்துகினு, மெதுவா போ மெதுவா போன்னு இந்தம்மா வழி பூரா சொல்லிக்கினு வந்துச்சு. உன் ஊட்டு மாடி வரைக்கும் இதே மரத்த நான்தான் தூக்கினு வந்தேன். கதவ தொறந்ததே நீதான்."

அடையாறுக்காரர் குரலை மாற்றினார். "சரி, உங்ககிட்ட இருந்தப்ப அது வெறும் செடி. இந்த ஷேப் நான் குடுத்தது." மூன்று மாதத்தில்!

அதைவிட என்னை எரிய வைத்தது அமைப்பாளர்தான். என்னை ஓரமாக அழைத்துப் போய், "ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாம் மேடம். பெருசாக்காதீங்க, விட்டுடுங்க. குழுவுக்குத்தான் கெட்ட பேர்" என்றார். திருடியவரால் வராத கெட்ட பெயர், கேட்டவளால் வந்துவிடுமாம்.

"அட்டையை எடுங்க. மரத்த நான் வீட்டுக்கு எடுத்துண்டு போறேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிறந்ததிலிருந்து 'பரவாயில்லை' சொல்லிப் பழகியவள் நான்.

அட்டையை எடுத்தார்கள். பரிசு இரண்டாவதாக வந்த மரத்துக்குப் போனது. காரணம் கேட்டவர்களிடம், "சின்னக் குழப்பம்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அடையாறுக்காரர் இன்னும் குழுவில் இருக்கிறார். புதியவர்களுக்கு வேர் வெட்டச் சொல்லித் தருகிறார். நான் விலகிவிட்டேன். 'மேடம் கொஞ்சம் பொறுமையா போயிருக்கலாம்' என்று என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்களாம்.

அவர் அவசரத்தில் வேரை அளவுக்கு மீறி வெட்டியிருந்ததால் ஒரு கிளை காய்ந்து போனது. மற்றபடி மரம் மொட்டை மாடியில் பிழைத்திருக்கிறது.

இப்போதெல்லாம் யாராவது என்னிடம் "விட்டுடுங்க" என்றால், யாரைக் காப்பாற்றுவதற்காக என்னை விடச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.