பிஸ்டன் இல்லாத எஞ்சின்

என் தாய்மாமாவைப் பார்க்க இறம்பொடையிலிருந்து பெண் வீட்டார் வந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் உடம்பெல்லாம் பெட்ரோல் வாசனையோடு ஒரு விமானத்துக்கு அடியில் படுத்துக் கிடந்தார்.

விமானம் என்றால் நிஜ விமானம்தான். கட்டாரில் கார் கராஜ் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, ராகலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்த மாமா, கொழுந்து நிறுக்காமல் சும்மா கிடந்த பழைய மடுவக் கொட்டகையில் வைத்து அதைக் கட்டினார். போனில் வீடியோ பார்ப்பார், அலுமினியக் குழாயை அறுப்பார், மறுபடியும் வீடியோ பார்ப்பார். குழாய்க்கு மேலே துணி, நடுவில் ஒரே ஓர் இருக்கை. முன்னால் காற்றாடி. அதற்குப் பின்னால், விபத்தில் நசுங்கிய ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றிய எஞ்சின். எல்லாம் முடிந்து, மைதானத்துக்கும் தள்ளி வந்தாகிவிட்டது. எஞ்சின் ஓடுவது மட்டும்தான் பாக்கி.

நான் அப்போது நான்காம் தரம். விமானத்தைப் பற்றி வந்தவர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா என்னை மிரட்டி வைத்திருந்தார். மாப்பிள்ளைக்குப் புத்தி சரியில்லை என்று நினைத்துவிடுவார்களாம். ஆனால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா, எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே இருந்த மைதானத்திலிருந்து வந்த சத்தத்துக்குக் காதைக் கொடுத்தார்.

“அது தண்ணி மோட்டருங்க” என்றார் அம்மா.

“மோட்டரு இப்படிச் சத்தம் போடாதே. யாரோ செல்ப் அடிக்கிறாங்க. எஞ்சின் எடுக்க மாட்டேங்குது.”

அவர் பஸ் டிரைவர். அவரிடம் போய் அம்மா அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் கோப்பையை வைத்துவிட்டுப் படியேறினார். பெண்ணின் அம்மாவும், தலையில் கை வைத்தபடி என் அம்மாவும், கடைசியாக நானும் பின்னால் போனோம்.

யூகலிப்டஸ் மரத்தில் கயிற்றால் கட்டியிருந்த விமானத்தைப் பெண்ணின் அப்பா ஒருமுறை சுற்றி வந்தார். சிரிக்கவில்லை. வெள்ளைச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டு எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தார்.

“பிஸ்டன் எங்க தம்பி?”

“இதுல பிஸ்டன் இல்லைங்க. முக்கோணமா ஒண்ணு உள்ளுக்கு சுத்தும்” என்று மாமா எழுந்து வந்தார்.

“முக்கோணம் எப்படித் தம்பி சுத்தும்?”

எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. பாடசாலையில் நான் வரைந்த முக்கோணங்கள் எல்லாம் சப்பென்று உட்கார்ந்துதான் இருந்தன.

இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பேட்டரி நன்றாக இருந்தது. பிளக்கைக் கழற்றி இரும்பில் வைத்துப் பார்த்தால் நீலமாகப் பொறி பறந்தது. பெட்ரோலும் வந்துகொண்டிருந்தது.

“பெட்ரோலும் இருக்கு, நெருப்பும் இருக்கு. இன்னும் என்னதான் வேணுமாம் இதுக்கு?”

“பெட்ரோல் கூடிப் போச்சுங்க. பிளக்கெல்லாம் நனைஞ்சிருக்கு.”

பெட்ரோலில் ஓடுகிற ஒன்று பெட்ரோல் கூடினால் ஏன் ஓடாது என்று நான் அம்மாவிடம் கேட்டேன். “வாய மூடு” என்றார்.

எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் வருவதை நிறுத்தி, எஞ்சினைச் சும்மா சுழற்றினார் மாமா. பிளக் இருந்த துளைகளிலிருந்து பெட்ரோல் பீச்சியடித்தது. பிறகு துளைக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டார். அதற்குள் பெண்ணின் அப்பா பிளக்குகளைத் சட்டைப்பையிலிருந்து எடுத்த கைலேஞ்சியால் துடைத்து, தானே மாட்டி, வயர்களையும் தானே செருகினார். மாமா மறுபடியும் சாவியைத் திருப்பினார்.

‘டமார்’ என்றது. புகைக்குழாயிலிருந்து ஒரு முழம் நெருப்பு வந்தது. பெண்ணின் அம்மா “முருகா” என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மாமா குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மேலே இருக்க வேண்டிய வயர் கீழேயும், கீழே இருக்க வேண்டியது மேலேயும் இருந்தன. செருகியவர் பக்கத்திலேயே நின்றார்.

“மாமா, வயரு மாறி...” என்று நான் ஆரம்பித்ததும் மாமா என்னை முறைத்தார். பிறகு மிகவும் பணிவாக, “அந்தப் பக்கம் பேட்டரிய ஒருக்கா பாக்குறீங்களா?” என்று அவரைக் கேட்டார். அவர் சுற்றிக்கொண்டு போனதும் வயர்களைச் சட்டென்று மாற்றிச் செருகினார்.

“லூசாத்தான் இருந்துச்சு. இறுக்கிட்டேன். இப்ப அடிங்க!” என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

எஞ்சின் எடுத்துவிட்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. புல் தரையோடு படுத்தது, கயிறு விறைத்தது, துணி இறக்கைகள் படபடத்தன. லயத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்து விசிலடித்தார்கள். “சொன்னேன்ல! பேட்டரிதான்!” என்று பெண்ணின் அப்பா குதித்தார். வயரை மாற்றிச் செருகிய மாமாவும் தலையாட்டினார்.

“ஏறுங்க தம்பி! ஏறி உக்காருங்க!”

மாமா இறக்கையைப் பிடித்தபடி நின்றார். மைதானம் முடிகிற இடத்தைப் பார்த்தார். அங்கே தேயிலைச் சரிவும், அதற்குக் கீழே மூடுபனியும்தான். பிறகு கையை உள்ளே விட்டு எஞ்சினை நிறுத்தினார்.

“இன்னும் வேலை இருக்குங்க.”

“என்ன வேலை? அதான் ஓடுதே!”

மாமா மரத்தடிக்குப் போய்க் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார். விசிலடித்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். திங்கட்கிழமை மாமா எங்கள் பாடசாலைக்கு மேலே பறப்பார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்த எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது. பெண்ணின் அப்பாவும் முகம் வாடிப் படியிறங்கினார். இந்தச் சம்பந்தம் போனது போனதுதான் என்று நினைத்தேன்.

லயத்துக்குத் திரும்பியதும் அம்மா மறுபடியும் தேத்தண்ணி ஊற்றினார். பெண்ணின் அம்மா அடுப்படிக்கே வந்து அவர் கையைப் பிடித்தார்.

“பயப்படத் தெரிஞ்ச ஆளுதான் மதினி. எங்க பொண்ண நம்பிக் குடுக்கலாம்.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பயந்துபோனவருக்கு எதற்காகப் பெண் கொடுக்கிறார்கள், அதைக் கேட்டு அம்மா ஏன் அழுகிறார், அழுதுகொண்டே ஏன் சிரிக்கிறார், ஒன்றும் விளங்காமல் நான் கோப்பைகளை ஏந்திக்கொண்டு நின்றேன்.