நெல்லுக்கு வைத்த கேமராவும் ரெஜினாவின் பிங்கும்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் கேபிள் டிவி கொண்டுவந்தது நான்தான். வயக்காட்டுக்குள் ஃபைபர் இழுத்தால் கட்டாது என்று பெரிய கம்பெனிக்காரர்கள் திரும்பிப் போன இடத்தில், வாய்க்கால் கரையோடு கம்பம் நட்டு இழுத்ததும் நான்தான். ஃபைபரை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மெஷினை யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு மெஷினைக் கெடுத்துத்தான் கற்றேன். புயலில் கம்பமெல்லாம் படுத்தபோது, கரண்டு வந்த அன்றைக்கே என் லைனும் வந்தது. வேறு யாருடையது வந்தது, விசாரித்துப் பாருங்கள்.

இப்போது லைன் வேலைக்கு வருகிறவர்கள், கேம் லேக் ஆகிறது என்று கம்ப்ளெயின்ட் வந்தால் உடனே "பிளானை ஏத்துங்க" என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் சவரிமுத்து வீட்டுச் சங்கதியை எழுதுகிறேன்.

சவரிமுத்து என் பழைய கஸ்டமர், விவசாயி. மகன் அருள் குவைத்தில் இருக்கிறார். மருமகள் ரெஜினா எம்சிஏ படித்தவர், கம்ப்யூட்டரில் துப்பாக்கி சுடும் கேம் ஆடுகிறவர். சென்னையில் ஒரு பெண்கள் டீம் அவரைப் பார்த்து வைத்திருந்தது. ஆனால் அறுவடை முடிந்ததிலிருந்து ஆட்டம் நடுவில் படம் உறைந்து நிற்கும்; மறுபடி அசையும்போது இவர் செத்துக் கிடப்பார். வீட்டு நெட் சரியில்லை என்று சொன்னால் டீமில் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மேட்ச், அதிலும் உறைந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் போனேன். ரவுட்டரை மாற்றினேன், கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டேன், பிளானையும் ஏற்றினேன். ஸ்பீடு டெஸ்டில் டவுன்லோடு பிரமாதமாகக் காட்டியது. பிங் மட்டும், அதாவது தகவல் போய்த் திரும்ப எடுக்கிற நேரம், நானூறு மில்லிசெகண்டிலேயே நின்றது. முப்பது, நாற்பது இருந்தால்தான் கேம் ஓடும். சவரிமுத்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாணிக்கம், நம்ம துப்பாக்கிக்கு மருந்து கெட்டிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது என் வழக்கம். டிவியைப் பிடுங்கினேன், ஒன்றும் இல்லை. செல்போன்களில் வைஃபையை அணைக்கச் சொன்னேன், ஒன்றும் இல்லை. கேமரா பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். பிங் முப்பதுக்கு வந்து நின்றது.

கொள்முதல் நிலையத்தில் முறை வராததால் நெல் வீட்டுக் களத்திலேயே படுதா போட்டுக் கிடந்தது. அதற்குக் காவலாகக் களத்துக்கு இரண்டு, வாசலுக்கு ஒன்று, மாட்டுக்கொட்டகைக்கு ஒன்று என்று கேமரா வைத்திருந்தார் சவரிமுத்து. நான் பிடுங்கியது தெரிந்ததும் ஓடி வந்தார். வாய் திறப்பதற்குள் ரெஜினாவின் போன் அடித்தது. குவைத்திலிருந்து அருள். ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன ரெஜி, படம் போயிருச்சு?"

பகல் முழுக்க நாலு கேமராவையும் போனில் திறந்தே வைத்திருக்கிறார் மனிதர். அந்தப் படம் அவ்வளவும் இங்கிருந்துதான் மேலே ஏற வேண்டும். என் பிளானில் டவுன்லோடு பெரிய வாய்க்கால், அப்லோடு சின்ன வாய்க்கால். நான் ஏற்றியது பெரியதைத்தான். சின்னதில் நாலு கேமரா அடைத்துக்கொண்டால், ரெஜினா சுடுகிற குண்டு கடைமடையில் காத்துக் கிடக்கும்.

ரெஜினாவுக்குக் கோபம் வந்தது. "நாள் பூரா நெல்லப் பாத்துக்கிட்டு இருக்கீங்களா? அதனாலதாங்க நான் தெனம் சாவுறேன்."

அருள் சொன்னார்: "நெல்ல யாரு பாத்தா. வாசக் கேமராவுல நீ துணி காயப்போட வருவ."

சவரிமுத்து படுதாவைச் சரிபண்ணப் போய்விட்டார்.

கேமராவை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, நெல்லும் திறந்து கிடக்கிறது. ரெக்கார்டிங்கை மேலே ஏற்றாமல் பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கோடு நிறுத்தினேன். வெளியே போகிற படத்தை, சின்ன அளவில் போகிற சப் ஸ்ட்ரீமுக்கு இறக்கினேன். ரவுட்டரில் கேமரா பெட்டிக்கு அப்லோடு அளவு கட்டி, ரெஜினாவின் கம்ப்யூட்டருக்கு வைஃபை வேண்டாமென்று லேன் கேபிள் இழுத்து, அதற்கு முதல் முறை கொடுத்தேன். படம் கொஞ்சம் மங்கலாகத்தான் வரும் என்று அருளிடம் சொன்னேன்.

"ஆளு தெரிஞ்சா போதும்ண்ணே," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ரவுட்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கேமரா நாலும் ஓடின, அருளும் பார்த்துக்கொண்டிருந்தார். பிங் நாற்பதைத் தாண்டவில்லை. ரெஜினா டீமில் சேர்ந்தார்.

ஆகவே, பிளானை ஏற்றுவதற்கு முன்னால் வீட்டிலிருந்து எது மேலே போகிறது என்று பாருங்கள். யார் எதற்காகப் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

சவரிமுத்து இப்போது பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார். நடுவில் ரெஜினா, பக்கத்தில் சவரிமுத்து, கூலிங் கிளாஸோடு அருள், கீழே மச்சான்கள் வரிசையாக. கேம் என்றால் என்னவென்று தெரியாத பங்காளி படமெல்லாம் இருக்கிறது. என் படம் இல்லை. சவரிமுத்தண்ணே, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். வெயிலில் அந்த ஃப்ளெக்ஸ் வெளுத்ததும் வேறு அடிப்பீர்கள் அல்லவா? அதில் மச்சான்களுக்கு மேலே என் படம் வர வேண்டும். "லைன்: கேபிள் மாணிக்கம்" என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.